ரூ.6,500-க்கு நாற்பது பிளகின்: கையில் இருப்பது உரிமமா?

திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். வயது 28. வீட்டு மாடியில் ஓர் அறையை ஸ்டூடியோவாக்கி, கோயில் திருவிழாப் பாடல்கள், கடை விளம்பரங்கள், குறும்படப் பின்னணி இசை செய்து தருகிறார். மாதம் இருபத்தைந்தாயிரம் கைக்கு வருகிறது. ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் மென்பொருளை 60 டாலர் கொடுத்து முறையாக வாங்கியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளில் ஆஃபர் பார்த்துப் பார்த்து 19 பிளகின்கள் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்கள்) வாங்கியதில் 11-ஐ இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லையாம்.

சிக்கல் அதற்கு அப்புறம் தொடங்குகிறது. டெலிகிராமில் ஒருவர் "நாற்பது பிளகின், ஆயுள் லைசென்ஸ், ரூ.6,500" என்று விற்க, இவர் ஜிபே செய்து வாங்கிவிட்டார். மூன்று மாதம் ஓடியது. போன மாதம் "இந்த உரிமம் ரத்து செய்யப்பட்டது" என்று தயாரித்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. விற்றவர் இவரை பிளாக் செய்துவிட்டார். இதே நேரத்தில் ஒரு வெப் சீரிஸ் தயாரிப்பாளர் மூன்று பாடல்களுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். அதில் "பயன்படுத்திய எல்லா மென்பொருளும் ஒலிகளும் முறையான உரிமம் பெற்றவை" என்று உறுதி கொடுக்கச் சொல்கிறது ஒரு பிரிவு.

அவர் கேட்பது நான்கு: செய்த பாடல்கள் கையைவிட்டுப் போய்விடுமா? ரூ.6,500 திரும்பக் கிடைக்குமா? திறக்காத பிளகின்களை விற்கலாமா? நவம்பர் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி விற்பனையில் கிரெடிட் கார்டு ஈஎம்ஐ போட்டு ரூ.45,000-க்கு எல்லாவற்றையும் ஒழுங்காக வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

அன்புள்ள தம்பி,

வழக்கறிஞர் ஆவதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராக இருந்தவன் நான். உரிமப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருள் ஓடாத கம்ப்யூட்டரை அந்தக் காலத்தில் நான் பார்த்ததே குறைவு. அதனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் பயமும் வெட்கமும் எனக்கு நன்றாகவே புரிகின்றன. நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைத்தவர், திருட நினைத்தவரல்ல. அந்த வேறுபாட்டுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு.

ஒரு தவறான எண்ணத்தை மட்டும் முதலில் களைய வேண்டும். "காசு கொடுத்துவிட்டேன், அதனால் அது என்னுடையது" என்று கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஹார்மோனியம் வாங்கினால் அப்படிச் சொல்லலாம். பிளகின் விஷயத்தில் நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. அனுமதியைத் தரக்கூடியவர் அதன் உரிமையாளர், இல்லையென்றால் அவர் நியமித்த விற்பனையாளர். வேறு யாரிடம் எவ்வளவு கொடுத்தாலும் அனுமதி வராது. நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் இங்கிருந்துதான் பிறக்கிறது.

பாடல்கள் உங்களுடையவைதான்

இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே இதை முதலில் சொல்கிறேன். ஒலியைச் செப்பனிடும் ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் போன்ற பிளகின்களை உரிமமில்லாமல் போட்டு மிக்ஸ் செய்ததால் உங்கள் மெட்டும் இசையமைப்பும் பிளகின் நிறுவனத்துக்குப் போய்விடாது. களவு போன சுத்தியலால் செய்த நாற்காலியைச் சுத்தியலின் சொந்தக்காரர் கேட்க முடியாதல்லவா?

ஆனால் சவுண்ட் லைப்ரரி அப்படியல்ல. வயலின் குழுவையோ தபலாவையோ யாரோ வாசிக்க, யாரோ பதிவு செய்து வைத்த ஒலி அது. அந்தப் பதிவுக்கே தனிப் பதிப்புரிமை உண்டு. அனுமதியில்லாமல் எடுத்தால் அடுத்தவருடைய ஒலி உங்கள் பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். உங்கள் நாற்பதில் ஆறு சவுண்ட் லைப்ரரிகள் என்கிறீர்கள். முதலில் கவனிக்க வேண்டியவை அந்த ஆறும்தான்.

தண்டனைப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்றொரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை. வருமானத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்கு மட்டும், சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் எழுதிவிட்டு, சிறை இல்லாமல் ரூ.50,000 வரை அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம். உங்களுக்கு இது தொழில் என்பதால் அந்தச் சலுகையை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இந்தப் பிரிவின் உயிர் "தெரிந்தே" என்ற சொல்லில் இருக்கிறது. ரத்து மின்னஞ்சல் வரும்வரை "ஏமாந்துவிட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு இடமுண்டு. (பல லட்சம் பெறும் சரக்கு ரூ.6,500-க்குக் கிடைத்தபோது சந்தேகமே வரவில்லையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கத்தான் செய்வார்.) மின்னஞ்சலைப் படித்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். ஆகவே நாற்பதையும் இன்றே நீக்கிவிடுங்கள். அவற்றில் சில இன்னும் வேலை செய்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரூ.6,500

இந்தப் பணம் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இணைய மோசடிக்கான 1930 எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கைமாறும் வழியிலேயே கணக்கை முடக்கிவிட வாய்ப்பு உண்டு. நான்கு மாதம் கழிந்த பிறகு அது அரிது. இருந்தாலும் புகார் கொடுங்கள். டெலிகிராம் உரையாடல், யுபிஐ பரிமாற்ற எண், ரத்து மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்துத் தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதியுங்கள். ஏமாற்றப்பட்டவர் நீங்கள் என்பதற்குத் தேதியோடு ஓர் ஆவணம் உண்டாகும். நாளை யாராவது கேள்வி கேட்டால், பறிபோன ஆறாயிரத்தைவிட அந்தத் தாள் உங்களுக்குப் பெரிய உதவி செய்யும்.

"நான் இதை வைத்துச் சம்பாதிப்பதால் நுகர்வோர் நீதிமன்றம் எனக்குக் கிடையாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. மாடி அறையில் ஒற்றை ஆளாக உழைக்கும் உங்களைப் போன்றவர்களை நினைத்து எழுதியது போலவே இருக்கும் அந்த வரி. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. முகம் தெரியாத டெலிகிராம் ஆளிடம் இது பலிக்காது. ஆனால் நாளை ஒரு முறையான கடை பணத்தை வாங்கிக்கொண்டு உரிம எண்ணைத் தராமல் இழுத்தடித்தால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு அழைப்பு, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று போகலாம். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு இணையக் கடைகளும் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளுக்குள் வருகின்றன. தீர்ப்பு வாங்கிய பிறகு வெளிநாட்டுக் கம்பெனியிடம் வசூலிப்பது சுலபமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

திறக்காத பதினொன்றை விற்பது

பயன்படுத்திய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருப்பதாக யாரோ உங்களிடம் சொன்னார்களாம். 2012-இல் அப்படியொரு தீர்ப்பு வந்தது உண்மை. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உரியது, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதோடு, பிளகினைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அவர்கள் பெயர் மாற்றித் தராவிட்டால் வாங்குபவருக்கு எதுவும் கிடைக்காது.

ஆகவே ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் தனித்தனியாகப் பாருங்கள். சிலர் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்கள், சிலர் கட்டணம் கேட்பார்கள், சிலர் மறுப்பார்கள். பல நிறுவனங்களின் உரிமங்களை வைத்துக் காக்கும் ஐலாக் என்ற சேவையின் கணக்கில் இருக்கும் உரிமம் என்றால் அங்கே தனியாக மாற்றுக் கட்டணம் உண்டு. இலவசமாக வந்தது, மாணவர் விலையில் வாங்கியது, "மறுவிற்பனைக்கு அல்ல" என்று குறிக்கப்பட்டது ஆகியவை பொதுவாக மாறாது. தொகுப்பாக வாங்கியதில் ஒன்றை மட்டும் பிரித்து விற்கவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். அந்த மாற்றத்தை நிறுவனத்தின் தளம் வழியாகவே செய்யுங்கள். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து "வைத்துக்கொள்ளுங்கள்" என்பது விற்பனை ஆகாது. நீங்கள் டெலிகிராமில் வாங்கியதும் அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

பிளாக் ஃபிரைடே பட்டியல்

ஈஎம்ஐ வேண்டாம், தம்பி. மாதம் இருபத்தைந்தாயிரம் வரும் வீட்டில் நாற்பத்தைந்தாயிரத்தை, அதுவும் தையில் திருவிழா வேலைகள் தொடங்கும் முன்பே, கடனாக ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய தவறைச் சரிசெய்ய வேண்டும் என்ற குற்ற உணர்ச்சி உங்கள் பட்டியலை நீளமாக்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

பிளகின் விலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அரிசியைப் போல் இருப்பு தீர்ந்துபோகிற சரக்கு இல்லை இது. இன்னொரு பிரதியை விற்க நிறுவனத்துக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் 200 டாலர் என்று அடித்துப்போட்டு 29 டாலருக்குத் தர முடிகிறது. பல நிறுவனங்களில் 29 என்பதே வழக்கமான விலை, 200 என்பது காட்சிக்கு வைத்த விலை. "இன்று நள்ளிரவோடு முடிகிறது" என்று கடிகாரம் ஓடும். அடுத்த மாதம் அதே விலை திரும்பி வரும். இப்படிப் பொய்யான அவசரத்தை உண்டாக்குவதை நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஏமாற்று உத்தியாகவே குறித்திருக்கிறது. அதில் உள்ள 13 உத்திகளில் வெளியேறவிடாத சந்தா வலையும், கடைசிப் படியில் விலையை ஏற்றுவதும் உண்டு.

எல்லா நிறுவனமும் இப்படி இல்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் வால்ஹாலா ரிவெர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தள்ளுபடி விற்பனை நடத்துவதே கிடையாது. அவர்களுடைய கட்டணப் பிளகின்கள் பெரும்பாலும் ஆண்டு முழுக்க ஒரே 50 டாலர்தான். ஆகவே நவம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். டெலிகிராம் ஆள் கொடுத்த நாற்பதில் அந்த நிறுவனத்தின் பிளகின்களும் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். தள்ளுபடியே தராத ஒருவரின் சரக்கு தொண்ணூறு சதவீதத் தள்ளுபடியில் வந்தால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை மணி வேறு என்ன வேண்டும்? அவர்களே இலவசமாகத் தரும் சூப்பர்மாசிவ் என்ற பிளகின் இருக்கிறது. முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

விலைச்சீட்டில் எழுதிய விலை ஒன்று, கணக்கிலிருந்து கழியும் தொகை வேறு. டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 29.99 டாலர் என்பது ஏறக்குறைய ரூ.2,640. இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவில்லாத வாடிக்கையாளருக்கு மென்பொருள் விற்கும் வெளிநாட்டுக் கடை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்க வேண்டும், சேர்த்தால் ரூ.3,115. அதன்மேல் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி என்று போனால் ரூ.3,240-ஐ ஒட்டி நிற்கும். பத்து பிளகின் வாங்கினால் இந்த வித்தியாசமே ஆறாயிரம்.

வாங்கிய பிறகு வரும் செலவும் உண்டு. சில நிறுவனங்கள் ஓராண்டுக்கு மட்டும் அப்டேட் தரும். பிறகு கம்ப்யூட்டரோ ஆபரேட்டிங் சிஸ்டமோ மாறும்போது மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். வேவ்ஸ் நிறுவனத்தின் முறை அது. 2023 மார்ச்சில் அவர்கள் நிரந்தர உரிம விற்பனையையே நிறுத்திச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தார்கள். பயனர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே நிரந்தர உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறுபக்கம், எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளும் மெல்டா நிறுவனத்தின் பிளகின்களும் ஆயுளுக்கும் இலவச அப்டேட் தருகின்றன. 2025-இல் சீரம் என்ற சின்தசைசர் பிளகினின் புதிய பதிப்பான சீரம் 2 வந்தபோது பழைய சீரம் வைத்திருந்தவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. இன்றைய விலை ஒன்றாக இருக்கும் இரண்டு பிளகின்களில் எது மலிவு என்பது ஐந்தாண்டு கழித்துத்தான் தெரியும்.

உங்கள் பட்டியலில் 60 டாலர் ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி ஒன்று இருக்கிறது, அதன் கீழே "முழு கான்டாக்ட் தேவை" என்ற சின்ன எழுத்து வரி இருப்பதைக் கவனித்தீர்களா? கான்டாக்ட் என்பது இப்படிப்பட்ட லைப்ரரிகளை இயக்கும் மென்பொருள்; உங்களிடம் இருப்பது அதன் இலவசப் பதிப்பான கான்டாக்ட் பிளேயர். அதில் இந்த வகை லைப்ரரிகள் 15 நிமிடம் மட்டுமே ஓடும். முழுப் பதிப்பின் விலை லைப்ரரியைப் போல் சில மடங்கு. அடித்துவிடுங்கள்.

நாதஸ்வரம், தவில் லைப்ரரிக்கு ஒதுக்கிய ஏழாயிரத்தையும் அடித்துவிடச் சொல்வேன். உங்கள் ஊரைச் சுற்றி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அரை நாள் சம்பளம் கொடுத்து ஒருவரை மாடிக்கு அழைத்து வாருங்கள். வாசித்ததை உங்கள் பாடலில் பயன்படுத்தச் சம்மதம் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் பாட்டில் அந்த மூச்சுக்கு ஈடான லைப்ரரியை நான் இதுவரை கேட்டதில்லை.

எதை, எங்கே வாங்குவது

ஏற்கெனவே கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபோக்கஸ்ரைட்டின் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸைப் புதிதாக வாங்கியதாகச் சொன்னீர்கள். அதன் சீரியல் எண்ணை ஃபோக்கஸ்ரைட் தளத்தில் பதிவு செய்தால் ஒரு பிளகின் தொகுப்பு கிடைக்கும். பதிவு செய்த குறிப்பே உங்கள் கடிதத்தில் இல்லை. ரீப்பரோடு வரும் ஈக்யூவும் கம்ப்ரஸரும் சாதாரணமானவை அல்ல. இலவசத்தில் டிடிஆர் நோவா ஈக்யூ, ஒலியின் அளவைப் படமாகக் காட்டும் வாக்ஸெங்கோ ஸ்பான், சின்தசைசர்களான வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, ஸ்பிட்ஃபயர் தொடங்கிய லேப்ஸ் ஒலித்தொகுப்பு ஆகியவற்றை வைத்தே ஒரு முழுப் பாட்டைச் செய்து முடிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வேலை முடியாமல் நின்றால், அந்த வேலைக்கான பிளகினின் டெமோவைப் போட்டு உண்மையான ஒரு பாடலில் பயன்படுத்திப் பாருங்கள். பிடித்திருந்தால் நவம்பரில் வாங்குங்கள். உங்கள் நிலையில் இரண்டு போதும். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலோ, அந்தத் தளம் பெயர் சொல்லும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். ஊர் பேர் தெரியாத சாவி விற்கும் தளங்களில் திருட்டு கார்டில் வாங்கிய எண்களும் சுற்றுகின்றன. கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும் உரிமம் ரத்தாகும். பில், உரிம எண், அன்றைய விதிமுறைப் பக்கம் மூன்றையும் பிடிஎஃப் ஆக ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

ஒப்பந்தம்

இப்போது இருக்கும் நிலையில் அந்தப் பிரிவில் கையெழுத்துப் போடாதீர்கள். பொய்யான உறுதி கொடுத்தால், பின்னால் வரும் இழப்பு முழுவதையும் ஈடுகட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். மூன்று பாடல்களுக்கும் ஒரு வாரம் கேளுங்கள். நீக்கிய பிளகின்களுக்குப் பதில் ரீப்பரில் உள்ளவற்றையும் இலவசமானவற்றையும் போட்டு மறுபடி மிக்ஸ் செய்யுங்கள்; அந்த ஆறு லைப்ரரிகளின் ஒலி எங்கே இருந்தாலும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். பாட்டு கொஞ்சம் மாறித்தான் போகும். தயாரிப்பாளரிடம் "இறுதி மிக்ஸைத் திருத்துகிறேன்" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

ஒப்பந்தத்தின் ஈட்டுறுதியில், அதாவது இழப்பை ஈடுகட்டுவதாக நீங்கள் தரும் உறுதியில், தொகை வரம்பே இல்லாததையும் கவனித்தேன். உங்களைப் போன்ற தனி ஆள் அதை ஏற்கக் கூடாது. அந்தப் பிரிவை இப்படி மாற்றித் தரக் கேளுங்கள்: "இத்துடன் ஒப்படைக்கப்படும் இறுதிப் பதிவுகளில் பயன்படுத்திய மென்பொருளுக்கும் ஒலிகளுக்கும் இசையமைப்பாளர் முறையான உரிமம் பெற்றுள்ளார். இதை மீறியதால் தயாரிப்பாளருக்கு ஏற்படும் இழப்புக்கு, இந்த ஒப்பந்தப்படி இசையமைப்பாளர் பெற்ற ஊதியத் தொகைக்கு உட்பட்டு அவர் பொறுப்பாவார்." அவர்கள் மறுத்தால் பதிலை எனக்கு அனுப்புங்கள், கையெழுத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள்.